மூக்கக்காவின் திராட்சரசம்

லாண்டரியில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். மூக்கு பெரிதென்று நினைத்துவிடாதீர்கள். அளவான மூக்குதான், பார்க்கிற வேலைதான் பெரிது. எவ்வளவு நன்றாகத் துவைத்த துணியாக இருந்தாலும், சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தால் உள்ளே பதுங்கியிருந்த வாசனை ஆவியோடு எழும்பி வந்துவிடும். மற்றவர்களுக்கு அது வெறும் ஆவி. மூக்கக்காவுக்கு அது வாக்குமூலம். "இந்த பேன்ட்காரர் பொண்டாட்டிக்குத் தெரியாம சிகரெட் பிடிக்கிறார்" என்பாள். "இந்த வீட்ல யாருக்கோ முட்டி வலி, தைலமா தேய்ச்சுத் தள்ளுறாங்க" என்பாள். பக்கத்து மேஜையில் சட்டை மடிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் சட்டைக் கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

இந்தத் திறமை வரமாக வந்ததில்லை. குடிகாரப் பெயின்ட்டர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டதால் வந்தது. பெயின்ட்டர்களுக்கு ஒரு வசதி உண்டு. தின்னர் வாடை சட்டையில் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும், அதற்கு அடியில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். பெயின்ட்டரும் வருஷக்கணக்கில் மறைத்தார். அவளும் வருஷக்கணக்கில் கண்டுபிடித்தாள். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் எதற்குச் சொல்வானேன், உங்களுக்குத் தெரியாததா.

பிறகு ஒருநாள் பெயின்ட்டர் குடியை விட்டுவிட்டார். மாடியில் நடக்கிற சின்னச் சபை ஒன்றுக்குச் சுவர் அடிக்கப் போனவர், ஏணியில் நின்றபடியே பாஸ்டரின் பிரசங்கத்தைக் கேட்டார். சுவர் காய்ந்த பிறகும் போய்க்கொண்டிருந்தார். அவளையும் கூட்டிப்போனார். குடி போயே போய்விட்டது. ஆனால் வாசலில் அந்த "ஊதுங்க" மட்டும் போகவில்லை. அவரும் சலிக்காமல் ஊதிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுவென்றால் அவர்களுக்கு ஆகவே ஆகாது. இருமல் மருந்தைக்கூட லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாயில் விடுவார்கள். பாஸ்டர் முதல் பாட்டுக்காரர்கள் வரை ஒரு சொட்டு நாக்கில் பட்டறியாதவர்கள். பரம்பரை விசுவாசிகள். அதனால் திருவிருந்துக்கு, அதாவது ஆண்டவர் நினைவாக எல்லாரும் சேர்ந்து திராட்சரசம் குடிக்கிற சடங்குக்கு, கடையில் விற்கிற எதையும் நம்ப மாட்டார்கள். சபையிலேயே ஒருத்தர் திராட்சை வாங்கி, பிழிந்து, சுத்தமான ரசமாகக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்த வயதான பெரியம்மா ஒருவர் தன் மகன் வீட்டோடு போய்விட, பாஸ்டரம்மா அந்த ஊழியத்தை மூக்கக்காவிடம் கொடுத்தார்.

அதை அவள் எப்படி வாங்கிக்கொண்டாள் தெரியுமா? குடிகாரன் பெண்டாட்டி என்று கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். இப்போது சபையே எழுந்து நின்று குடிக்கிற ரசம் அவள் கையால் செய்தது. முன் வரிசையில் இடம். "சகோதரி, சகோதரி" என்று எல்லாரும் வந்து பேசுகிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

பெரியம்மா ரசத்தைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆறவைப்பார். பாஸ்டரம்மாவுக்கு அது பிடிக்காது. "காய்ச்சினா கஷாயம் மாதிரி இருக்கும்மா, பச்சையாவே செய்யேன்" என்றார். சரி என்று மூக்கக்கா திராட்சையைக் கையால் மசித்து, சர்க்கரை போட்டு, பீங்கான் ஜாடியில் துணியால் வாய் கட்டி ஊறவைத்தாள். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கலாம். மனசு வரவில்லை. பெயின்ட்டர் வளைய வருகிற வீடு. குடிக்க மாட்டார்தான், இருந்தாலும் யார் கண்டார்கள்? புனிதமான பொருளை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பானேன் என்று ஜாடியை லாண்டரிக்குத் தூக்கிப்போய், பாய்லருக்குப் பக்கத்து அலமாரியில், பழைய விரிப்புகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். சில நாள் கழித்து எட்டிப் பார்த்தால் நுரைத்துக்கொண்டு கிடந்தது. சர்க்கரை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு ஒரே திருப்தி.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. தட்டில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வரிசை வரிசையாக வரும். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, பாஸ்டர் சொன்னதும் சேர்ந்து குடிப்பார்கள். மனசாட்சி குத்துகிறவர்கள் கிண்ணம் எடுக்காமல் தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லாரும் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டே பார்க்கிற வித்தை சபைக்காரர்களுக்குக் கைவந்தது.

அன்றைக்கு அவள் ரசம் பிரமாதமாக எடுபட்டது. "உறைப்பா, நல்லா இருந்துச்சு சகோதரி" என்றார் பாட்டுக்காரர். மிச்சத்தையும் அவர்தான் குடித்துத் தீர்த்தார். சாயங்காலக் கூட்டத்தில் வழக்கத்தைவிட உருகிப் பாடினார். ஒரு மூத்த அம்மா, "கிண்ணம் வாங்கினதும் நெஞ்செல்லாம் சூடு பரவுச்சு, இது ஆண்டவர் தொட்டதுதான்" என்று சாட்சியே சொல்லிவிட்டார். பெயின்ட்டர் மட்டும் கிண்ணத்தை வாயில் வைத்ததும் பலமாக இருமி, கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கர்ச்சீப்தான் பிரச்சினை. திங்கட்கிழமை அவருடைய வேலைப் பையைத் துழாவியபோது, ஒரு காலி டப்பாவுக்குள் சுருட்டித் திணித்துக் கிடந்தது. சிவந்த கறை. திருவிருந்து ரசம் பட்டதென்றால் இப்படி ஒளித்து வைப்பானேன்? அலசி, காயப்போட்டு, இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தாள். ஆவி எழும்பியது. புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு காரம். ஏதோ கலர் கலந்த மலிவுச் சரக்கு. சந்தேகமே இல்லை, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

மூக்கக்கா சண்டை போடவில்லை. சண்டை போட்டால் உஷாராகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கவனிக்க ஆரம்பித்தாள். சட்டைப் பையைப் பார்த்தாள், பிரஷ் வைக்கிற டப்பாவைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தாள். சாயங்காலம் அவர் ஊதும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை ஊதச் சொன்னாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவளை இன்னும் பயமுறுத்தியது. முன்பெல்லாம் அவர் இவ்வளவு கெட்டிக்காரராக இருந்ததில்லை.

"என்ன, இப்பல்லாம் என்னையே பார்க்கிறே" என்றார் பெயின்ட்டர் ஒருநாள்.

"பார்க்கக் கூடாதா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம், ரசத்தை வடிகட்டி பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ரசம் நிற்கிற மட்டத்தில் பாட்டிலைச் சுற்றி ஒரு வெள்ளை நூலைக் கட்டி வைத்தாள். காலையில் பார்த்தால் நூலுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. ஆண்டவருடைய பந்திக்கு வைத்ததைக்கூட விட்டுவைக்கவில்லையே இந்த மனுஷன் என்று நினைத்தாள். வெறும் திராட்சைச் சாற்றை ஒரு குடிகாரன் எதற்குத் திருட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவள் இருந்த கோபத்தில் எதுதான் தோன்றும்.

அன்று சபையில் கிண்ணத் தட்டு வந்தது. பெயின்ட்டர் அதைத் தொடாமல் அடுத்தவரிடம் தள்ளினார்.

மூடியிருந்த கண்கள் எல்லாம் பார்த்தன. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் சமாதானமா இருக்கா சகோதரி?" என்று கேட்டார். கேட்ட குரலிலேயே பாதி தீர்ப்பு இருந்தது. வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டால், "வயிறு சரியில்ல" என்றார்.

அந்த வாரம் வீட்டுக்கூட்டத்தில் மதுவைப் பற்றித்தான் பேச்சு. புதிதாக வந்து சேர்ந்திருந்த பஸ் டிரைவர் ஒருவர், வேறொரு சபையில் வளர்ந்தவர், இங்கே திருவிருந்தில் இன்னும் சேர்க்கப்படாதவர், ஆரம்பித்துவைத்தார்.

"ஐயா, எங்க பழைய கோயில்ல அசல் ஒயின்தான் குடுப்பாங்க. சாமியாரே குடிப்பார். அங்க குடிக்கிறது தப்பில்ல, வெறிக்கிறதுதான் தப்பும்பாங்க. கல்யாண வீட்ல ஆண்டவர் தண்ணியை ஒயினாத்தானே மாத்தினாரு?"

"அது அப்பப் பிழிஞ்ச ரசம் தம்பி" என்றார் பாஸ்டர்.

"அப்ப பந்தி விசாரிக்கிறவர் எதுக்கய்யா அசந்துபோறாரு? ஜூஸுக்கு யாராவது அசருவாங்களா?"

சிலர் சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. "ஒருத்தருக்கு ஒரு கிண்ணத்தோட நிக்கும். இன்னொருத்தருக்கு அந்த ஒரு கிண்ணத்துலதான் ஆரம்பிக்கும். யாருக்கு எதுன்னு நமக்குத் தெரியாது. அவனுக்காக நாம எல்லாரும் கிண்ணத்தைக் கீழ வைக்கிறோம். எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் மூக்கக்கா பதிலைக் கேட்கவில்லை, பெயின்ட்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். டிரைவரும் இவரும் கூட்டாகச் சேர்ந்துவிட்டார்களோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. டிரைவர் பாவம், அவர் எந்த வம்புக்கும் போகாதவர்.

மறுநாள் லாண்டரியில் தலைவலி என்று சொல்லிவிட்டு, பெயின்ட்டர் வேலை முடிந்து வருகிற வழியில் போய் நின்றாள். அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக மதுக்கடை இருக்கிற தெருவுக்குப் போனார். அவருடைய பழைய கூட்டாளி அங்கே நின்றிருந்தான். ஆளுக்கு சைடிஷ் என்று பெயர். யார் குடித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து தின்பண்டத்தைக் காலி செய்வதால் வந்த பெயர், போகப்போக குடிப்பதையும் கற்றுக்கொண்டான். பெயின்ட்டர் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்தார். உள்ளே கறுஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. கையை நீட்டி அவனுக்கு ஊற்றினார்.

அதற்குமேல் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கண்ணால் பார்த்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஊதுங்க."

ஊதினார். ஒன்றுமில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"எதுவும் சொல்ல வேணாம். இத்தனை வருஷமா கேட்ட கதையே போதும்" என்றாள். "அடுத்த திருவிருந்துல கிண்ணத்தை எடுத்து எல்லாரும் பார்க்கக் குடிங்க. உங்க மேல தப்பில்லன்னா அது உள்ள இறங்கும். தட்டைத் தள்ளிவிட்டீங்கன்னா நான் அங்கேருந்தே எங்கக்கா வீட்டுக்குப் போய்டுவேன். திரும்ப வர மாட்டேன்."

"கிண்ணத்தைக் குடிச்சா நம்புவியா?"

"நம்புவேன்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சரி" என்றார். அதன் பிறகு அந்த மாதம் முழுக்க இரண்டு பேரும் உப்பு, தண்ணீர் என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வேண்டுமென்றே அவருக்கு எதிரில், முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். தட்டு வந்தது. அவர் கிண்ணத்தை எடுத்தார். பாஸ்டர் சொன்னதும் எல்லாரும் குடித்தார்கள். அவர் மட்டும் கடைசியாக, அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரே மடக்கில் விழுங்கினார். இருமவில்லை. கர்ச்சீப்பும் எடுக்கவில்லை. மூக்கக்கா கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். பாருங்கள், பாவம்.

ஆஸ்பத்திரி விரிப்புகள் வருவதால் லாண்டரிக்கு ஞாயிறு மத்தியானமும் வேலை உண்டு. அடியில் மிச்ச ரசம் கிடந்த ஜாடியைக் கழுவி வைக்கலாம் என்று அவள் பாய்லர் அறைக்குப் போனபோது, பின்வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சைடிஷ்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க."

"உனக்கு இங்க என்ன வேலை? அவரைக் கெடுத்தது போதாதா?"

"நான் எங்க அண்ணி கெடுத்தேன். அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. அன்னைக்கு ஒருநாள் அவரா வந்து, ஒரு பாட்டில்ல கொஞ்சூண்டு கொண்டுவந்து, இது என்னன்னு மட்டும் சொல்லுடான்னாரு. கையை நீட்டித் தள்ளி வச்சு ஊத்துறாரு, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு. வாடைகூடத் தன் மேல படக் கூடாதாம்." சைடிஷ் நாக்கைச் சப்புக்கொட்டினான். "அண்ணி, நான் எவ்வளவோ குடிச்சிருக்கேன். இந்த மாதிரி சரக்கு எந்தக் கடையிலயும் கிடைக்காது. எங்க வாங்கினதுன்னு கேட்டா சொல்ல மாட்டேன்னுட்டாரு. நீங்க சபைக்கு ரசம் செஞ்சு லாண்டரியில வைக்கிறீங்கன்னு இங்க வேலை செய்யிறவங்க சொன்னாங்க, அவருக்கு வேற எங்க கிடைக்கப்போகுதுன்னு யோசிச்சேன். மிச்சம் இருந்தா ஒரு டம்ளர் குடுங்களேன்."

அவள் அலமாரியைத் திறந்து விரிப்புகளை இழுத்துப் போட்டாள். ஜாடி வெதுவெதுவென்று இருந்தது. துணியை அவிழ்த்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, யாரோ ஒரு அந்நியருடைய சட்டையை முகர்கிற மாதிரி அதை முகர்ந்தாள்.

அந்தக் கர்ச்சீப்பில் வந்த அதே வாசனை. அவர் பையிலிருந்து வந்தபோது சரக்கு என்று சட்டென்று தெரிந்தது. தன் ஜாடியிலிருந்து வந்தபோது ஊழியம் என்று நினைத்திருக்கிறாள். ஊரில் உள்ளவன் துணியையெல்லாம் மோந்து தீர்ப்புச் சொன்ன மூக்கு, சபை முழுக்கச் சாராயம் ஊற்றிவிட்டு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறது. அவர் தொட்டுவிடுவார் என்று பயந்து இங்கே சூட்டில் கொண்டுவந்து ஒளித்து வைத்ததால்தான் இப்படிப் பொங்கியிருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். சைடிஷ் "ஐயோ அண்ணி" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் இஸ்திரி மேஜையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டுக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. தொலைந்தது, கடைக்குத்தான் போய்விட்டார் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது, அடிவயிற்றிலிருந்து.

எதிர்வீட்டு டீச்சர் சாவியோடு வந்தார். "நல்லவேளை வந்துட்டீங்க. உங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். சபையிலேருந்து வந்ததும் சாவியை என்கிட்ட குடுத்து, என்னை உள்ள வச்சுப் பூட்டிடுங்க டீச்சர், நானே கெஞ்சினாலும் திறக்காதீங்க, அவ வந்தா அவகிட்ட மட்டும் குடுங்கன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. நடுவுல ரெண்டு மூணு தடவை கதவைத் தட்டினார். நான் திறக்கல. தப்பா செஞ்சிட்டேனா?"

"இல்ல டீச்சர். நீங்க ஒருத்தர்தான் சரியா செஞ்சிருக்கீங்க" என்றாள்.

உள்ளே அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"ஏன் திறந்தே?" என்றார்.

"கிண்ணத்துல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுதான் குடிச்சீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"முதல்ல என் நாக்குமேலதான் எனக்குச் சந்தேகம். ஆசையில பொய் சொல்லுதோன்னு நினைச்சேன். அதுக்குத்தான் அவன்கிட்ட காட்டிக் கேட்டேன். அன்னைக்கு உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நீ வாயைத்தான் பார்த்தே, என்னைப் பார்க்கல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குடிகாரன் வந்து, உன் கையால செஞ்ச திருவிருந்து சாராயம்னு சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அவள் பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

"சபையில சொல்லியிருக்கலாம். அப்புறம் உன்னை மறுபடியும் தூணுக்குப் பின்னால உட்கார வச்சிருப்பாங்க. என்னாலதான் அங்க உட்கார்ந்தே, போதும்னு தோணுச்சு."

"வர்ற ஞாயிறு நானே எழுந்து சொல்லிடுறேன்."

"சொல்லாதே."

"சொல்லாம இருந்தா? உங்களை சந்தேகப்பட்டவங்க அப்படியே இருப்பாங்க. தூணுக்குப் பின்னால ஃபேன் நல்லா வரும், நான் பார்த்துக்கிறேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "இப்ப நாக்கு இன்னும் கேக்குது" என்றார். "கிண்ணம் சின்னதுதான். கேக்குறது அவ்வளவு சின்னதா இல்ல. நீ வெளிய போய்ப் பூட்டிக்கோ. காலையில திற."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். சாவியை டீச்சர் கையில் கொடுத்தாள்.

"வெளிய பூட்டிடுங்க டீச்சர். காலைல வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நீங்க உள்ள இருக்கீங்களே?"

"இருக்கேன். நான் கேட்டாலும் தராதீங்க."

பூட்டு விழுந்தது. அவள் திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கை உதறிக்கொண்டே இருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் பெயின்ட்டர்.